மழையும் சேறும் மக்களும்: 'வூட்ஸ்ரொக்' திரைப்படத்தை முன்வைத்து

மழை எல்லார்க்கும் பொதுவானது என்பது காலங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் வார்த்தை. வானம் ஆள் பார்த்துப் பொழிவதில்லை என்பது மெய்தான். ஆயினும் அது பொழியும் நிலம் ஒருவருக்குச் சொந்தமானது; அந்நிலத்துக்கு வாடகையுண்டு, வேலியுண்டு; வேலிக்குள்ளே விரும்பி நனைபவர் சிலர், நனைந்துகொண்டே அங்கு வேலை செய்பவர் வேறு சிலர். 1969 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆந் திகதி தொடக்கம் 18 ஆந் திகதி காலைவரை, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே பெதல் என்னும் நாட்டுப்புறத்துப் பாற்பண்ணையொன்றில் நடைபெற்ற வூட்ஸ்ரொக் இசை விழாவைப் பற்றிய விவரணப் படத்தைப் பார்க்குந்தோறும் இவ்வேறுபாடு நம் மனத்தை உறுத்துகிறது. படமோ இதனை ஓரிடத்தில் அற்புதமாகக் காட்டுகிறது. பல இடங்களில் மறைத்துவிடுகிறது.

மைக்கல் வாட்லி நெறிப்படுத்தி, வோர்னர் பிறதர்ஸ் நிறுவனம் 1970 இல் வெளியிட்ட 'வூட்ஸ்ரொக்' மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடுவது. தெல்மா ஸ்கூன்மேக்கர் முதலியோர் தொகுத்தனர்; பின்னாளிற் பெரும் நெறியாளராக விளங்கிய மார்ட்டின் ஸ்கோர்செஸியும் தொகுப்பாளருள் ஒருவர். அவ்வாண்டின் சிறந்த விவரணப் படத்துக்கான ஒஸ்கார் விருது இதற்குக் கிடைத்தது. திரையை இரண்டாகவும் மூன்றாகவும் பகுத்து, ஒரு பாகத்திற் பாடுவோனையும் மறுபாகத்திற் கேட்போரையும் ஒரே வேளையிற் காட்டும் உத்தி இப்படத்தினாற் புகழ்பெற்றது. இது வெறும் அலங்காரமன்று. நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை ஒரு சட்டத்துள் அடக்க முடியாது என்ற எளிய உண்மையிலிருந்து பிறந்த வடிவம் அது. உள்ளடக்கமே உருவத்தை நிர்ணயிக்கும் என்று நாம் வகுப்பிற் சொல்லிக்கொடுப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இவ்விழாவைப் பற்றி முற்போக்காளரிடையே இருவகைக் கருத்துக்கள் நிலவி வந்துள்ளன. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் போதையிலே கிடந்து புரண்ட களியாட்டம் அது என்பது ஒன்று. புதிய சமுதாயமொன்றின் முளை அந்தச் சேற்றிலே தோன்றி மூன்று நாளில் வாடியது என்பது மற்றொன்று. முதலாவது கருத்தை உடையோர் பெரும்பாலும் படத்தைப் பாராதவர்கள். இரண்டாவது கருத்தை உடையோர் படத்தை மட்டுமே பார்த்தவர்கள். இரு சாராரும் மழையை ஒரு தற்செயலாகக் கருதுகின்றனர். விழாவின் பொருளாதாரத்தையும் அதிற் கூடிய மக்களின் நடத்தையையும் அந்த மழை எவ்வாறு மாற்றியது என்று கேட்டாலன்றி இவ்விழாவையும் படத்தையும் சரியாக மதிப்பிட முடியாது.

விழா தொடங்குமுன்பே மழை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நிலத்தின் சொந்தக்காரரான மக்ஸ் யாஸ்கர் 600 ஏக்கர் பாற்பண்ணை நடத்தியவர். குடியரசுக் கட்சியின் ஆதரவாளர். நீண்ட தலைமயிர்க்காரரோடு கொள்கை உறவு எதுவுமற்றவர். அவ்வாண்டு வடகிழக்கு அமெரிக்காவிற் பருவம் மழையாகவே இருந்தது. மாட்டுக்கு வேண்டிய வைக்கோல் போதிய அளவு சேரவில்லை. வெளியே விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அச்செலவை ஈடுசெய்யவே வயலை வாடகைக்குக் கொடுக்க இணங்கினார் என்று அவருடைய மகன் பிற்காலத்தில் விளக்கியுள்ளார். ஆகவே, 'அன்பின் பூமி' என்று பாடப்பட்ட அந்த நிலம் விழாக்காரரின் கைக்கு வந்தது மழையால் நொந்த ஓர் உழவனின் கணக்குப் புத்தகத்தின் வழியாகத்தான். இதிற் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் படம் யாஸ்கரை மேடையில் ஏற்றி, அவர் இளைஞரைப் புகழ்ந்து பேசுவதைக் காட்டுகிறதேயன்றி, அவர் நிலத்தை ஏன் கொடுத்தார் என்பதைச் சொல்வதில்லை.

விழாவை நடத்தியவர் நால்வர். அவர்களுள் ஜோன் றொபேட்ஸ் ஒரு மருந்துக் கம்பனிக் குடும்பத்தின் வாரிசு. அவரும் ஜோயல் றோசன்மனும் தம்மிடம் எல்லையற்ற மூலதனம் உண்டு, முதலீடு செய்ய நல்ல வழிகள் தேவை என்று பத்திரிகையிலே விளம்பரஞ் செய்தவர்கள். மைக்கல் லாங், ஆர்ட்டி கோர்ன்ஃபெல்ட் ஆகியோர் இசைத்துறையினர். முதலிற் குறித்த இடம் வோல்கில் என்னும் ஊர். விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் அவ்வூர் நிருவாகம் அனுமதி மறுத்தது. அவசரம் அவசரமாகப் பெதலுக்கு வந்தபோது, மேடையை முடிப்பதா வேலியை முடிப்பதா என்ற நிலை உருவாயிற்று. மேடை முக்கியமென்று முடிவு செய்தனர். மூன்று நாளுக்கும் 18 டொலர் முன்பதிவு விலையில் ஏறத்தாழ 186,000 சீட்டுக்கள் விற்கப்பட்டிருந்தன. வேலி முடியுமுன் வந்து குவிந்தவரை எழுப்பி வெளியேற்ற எவராலும் முடியவில்லை. விழா இலவசம் என்று அறிவித்தனர். இவ்வறிவிப்பைப் பெருந்தன்மையின் சின்னமாகப் போற்றுவோர் பலர். உண்மையில் தோற்றுப்போன வேலிக்கு இடப்பட்ட மரியாதையான பெயர் அது.

வேலி வீழ்ந்த பின்னரே மழை வந்தது. வெள்ளி இரவு ரவிசங்கர் சிதார் வாசித்துக்கொண்டிருக்கையில் தூறத் தொடங்கியது. நள்ளிரவு தாண்டிப் பாடவந்த ஜோன் பயஸ் அப்பொழுது ஆறுமாதக் கர்ப்பிணி. கட்டாய இராணுவ சேவையை மறுத்த அவர் கணவர் சிறையில் இருந்தார். அவர் அதைப் பற்றிப் பேசும் பகுதி படத்தில் உண்டு. இரைச்சலில்லாத குரலில், வீட்டாரோடு பேசுவது போலக் கணவரின் சிறை வாழ்க்கையைச் சொல்கிறார். அரசியலைச் சுலோகமாக்காமற் சொல்லும் இத்தகைய இடங்களே படத்தின் வலிமை.

ஞாயிறு பிற்பகல் ஜோ கொக்கர் பாடி முடித்ததும் புயல் எழுந்தது. படத்தின் மையம் இதுதான். காற்று கூடாரத் துணிகளை அடித்துப் புரட்டுகிறது. விளக்குக் கோபுரங்களில் ஏறியிருப்பவர்களை இறங்குமாறு அறிவிப்பாளர் மன்றாடுகிறார். ஒலிக்கருவிகளைப் பிளாஸ்திக் விரிப்புக்களால் மூடுகிறார்கள். பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. முந்திய இரவே ஈர மேடையிற் கிதாரைத் தொட்ட கிறேற்ஃபுல் டெட் குழுவினருக்கு மின்சாரம் அடித்திருந்தது. மழை வேண்டாம் என்று கூட்டம் ஒரே குரலில் வானத்தை நோக்கிக் கோஷமிடுகிறது. மழை நிற்கவில்லை. கோஷம் மெல்ல மெல்லத் தாளமாகிறது. தகரப் பேணிகளைத் தட்டுகிறார்கள், கை கொட்டுகிறார்கள், குழல் ஊதுகிறார்கள். பின்னர் சரிவிலே சேற்றில் வழுக்கி விளையாடத் தொடங்குகிறார்கள்.

இக்காட்சியை அலட்சியஞ் செய்வோர் கலையின் சமூகத் தோற்றத்தை அறியாதவர் என்றே சொல்லவேண்டும். பெருந்தொகை கொடுத்து அழைக்கப்பட்ட கலைஞர் ஒதுங்கிவிட்டனர், ஒலிபெருக்கி ஓய்ந்துவிட்டது, மணிக்கணக்காக மேடை வெறுமையாய்க் கிடந்தது. கேட்க வந்தவர்களே வாசிப்பவர்கள் ஆனார்கள். விற்போன், வாங்குவோன் என்ற உறவு அற்றுப்போன அந்தச் சில மணித்தியாலங்களில் மனிதர் குலைந்து ஒருவரையொருவர் மிதித்து ஓடவில்லை. உணவு போதவில்லை; குடிநீர் குறைந்தது; வீதிகள் வாகனங்களால் அடைபட்டுக் கிடந்தன. அக்கம்பக்கத்து ஊர்களின் பெண்கள் ரொட்டித்துண்டுகள் செய்து அனுப்பினர். 'ஹொக் ஃபார்ம்' என்னும் கூட்டுவாழ்வுக் குழுவினர் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகத் தானியக் கஞ்சியும் காய்கறியும் பரிமாறினர். அயலவர் சிலர் தண்ணீரை விலைக்கு விற்கின்றனர் என்று கேள்வியுற்ற யாஸ்கர், தண்ணீருக்கு எப்படிப் பணம் கேட்பது என்று சினந்து, இலவசத் தண்ணீர் என்று தம் களஞ்சியத்திற் பலகை எழுதி வைத்தார். அவரை நாம் முன்னர் கணக்குப் புத்தகக்காரராகக் கண்டோம். அதே மனிதர்தான் இவரும். மனிதரின் இயல்பு மாறாதது என்று வாதிப்போர்க்கு இந்தப் பலகையைக் காட்டலாம்.

இறந்தவர்களும் உண்டு. போதைப்பொருளால் ஓர் இளைஞன். தூங்கும் பைக்குள் உறங்கிக் கிடந்தபோது உழவு இயந்திரம் ஏறி இன்னொருவன். அவனுக்கு வயது 17.

மழைக்காட்சியில் ஓர் இளைஞன் கமராவை நோக்கி ஒரு குற்றச்சாட்டை வீசுகிறான். அரசாங்க விமானங்கள் மேகங்களில் மருந்து தூவி இந்த மழையைப் பெய்வித்தன என்கிறான். திரையரங்கில் இவ்விடத்திற் சிரிப்பு எழும். படமும் அதைச் சிரிப்புக்குரியதாகவே தொகுத்திருக்கிறது. பெதலில் அப்படி நடந்தது என்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை. ஆனால் அதே 1969 இல், அதே அரசாங்கத்தின் விமானங்கள் வேறோரிடத்தில் அதையே செய்துகொண்டிருந்தன. 1967 முதல் 1972 வரை ஒவ்வொரு மழைக்காலத்திலும், ஹோ சி மின் பாதை செல்லும் லாவோஸ் மலைகளின் மேலே மேகங்களில் இரசாயனங்களைத் தூவி, மழையை நீட்டி, பாதையைச் சேறாக்கி, வியட்நாமிய விடுதலைப் படையினரின் போக்குவரத்தைத் தடுக்க முயன்றனர். 'பொப்பாய்' என்பது அந்நடவடிக்கையின் பெயர். போரை விட்டுக் காதல் செய்வோம் என்ற இளைஞரின் சுலோகத்தைத் திரித்து, போரை விட்டுச் சேறு செய்வோம் என்று விமானப்படையினர் தம்முள் கேலி பேசிக்கொண்டனராம். 1971 இலும் 1972 இலும் பத்திரிகைகள் இதை வெளிப்படுத்தின; சூழலைப் போர்க்கருவியாக மாற்றுவதைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 1977 இற் கையெழுத்துக்கு வந்தது.

அந்த இளைஞன் இதை அறிந்து பேசியிருக்க முடியாது. அப்போது அது இரகசியம். ஆயினும் தன் அரசாங்கம் எதற்குந் துணியும் என்ற உணர்வு அவனிடம் இருந்தது. அவ்வுணர்வு சரியானது, இடந்தான் தவறியது. ஒரே கோடையில் இரண்டு சேறுகள். ஒன்றில் இளைஞர் வழுக்கி விளையாடினர். மற்றதில் மக்கள் மிதிவண்டியிலும் முதுகிலும் அரிசியும் வெடிமருந்தும் சுமந்து சென்றனர். முதலாவது சேற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டும் படத்தில் இரண்டாவது சேறு இல்லை. 1970 இல் அது தெரிந்திருக்காது என்பது நியாயமே. 1994 இல் ஏறத்தாழ நாற்பது நிமிடக் காட்சிகளைச் சேர்த்து நெறியாளர் தம் பதிப்பை வெளியிட்டபோது அது யாவரும் அறிந்த செய்தி. சேர்க்கப்பட்டவை பெரும்பாலும் பாடல்கள்.

இனி, படத்தில் மிகச் சிறந்ததென நாம் கருதும் காட்சிக்கு வருவோம். தற்காலிக மலசலகூடங்களைத் துப்புரவு செய்யும் தொழிலாளி ஒருவர். குழாயைச் செருகி உறிஞ்சி எடுக்கிறார், பெட்டியைக் கழுவுகிறார், புதிய காகிதம் வைக்கிறார். முகத்தில் அருவருப்பில்லை, வேலையிலே ஒழுங்கு இருக்கிறது. கேட்பவருக்குச் சாதாரணமாகப் பதில் சொல்கிறார். தம் மகன் ஒருவன் இங்கே கூட்டத்தில் இருக்கிறான் என்கிறார். மற்றவன் வியட்நாமில், எல்லைப் பகுதியில் ஹெலிகொப்டர் ஓட்டுகிறான் என்கிறார். அவ்வளவுதான். அடுத்த கூடத்திலிருந்து புகைக்குழலோடு ஓர் இளைஞன் வெளிவருகிறான், அரங்கு சிரிக்கிறது.

அமெரிக்க சமுதாயம் முழுவதும் இந்த இரண்டொரு நிமிடத்துள் அடங்கிவிடுகிறது. பல்கலைக்கழகத்திற் சேர்ந்தவனுக்குக் கட்டாய இராணுவ சேவையைப் பிற்போட வழி இருந்தது. சேர வசதியற்றவனுக்கு இல்லை. அந்நியாயம் ஒரு குடும்பத்தின் இரு பிள்ளைகளாக இங்கே நிற்கிறது. நான்கு இலட்சம் பேரின் 'இயற்கை வாழ்க்கை'க்குக் கீழே யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கிறது என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. விழாக்கூட்டத்துக்கு மருத்துவரையும் மருந்தையும் கொண்டுவந்தவையும் இராணுவ ஹெலிகொப்டர்களே.

ஆனால் இக்காட்சிக்கு ஒரு பின்கதை உண்டு. படத்தைப் புகழ்வோர் அதை எடுத்துரைப்பதில்லை. தம்முடைய இணக்கமின்றித் தம்மைப் படத்திற் பயன்படுத்தினர் என்று அத்தொழிலாளி படத் தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடர்ந்தார். கீழ் நீதிமன்றம் விசாரணையின்றியே தயாரிப்பாளர் பக்கம் தீர்த்தது. 1973 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, வழக்கு விசாரிக்கப்பட வேண்டியதே என்று திருப்பி அனுப்பியது. அப்படம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 5 கோடி டொலர் வசூலித்ததென்பர். எடுத்த செலவோ ஏறத்தாழ 6 இலட்சம் டொலர். வேலியால் இழந்ததைக் கமராவாற் பிடித்தனர். விழாவினால் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட டொலர் கடன்பட்ட நால்வரும் படத்தினதும் இசைத்தட்டினதும் வருவாயால் ஏறத்தாழப் பத்தாண்டிற் கடனைத் தீர்த்தனர். மழையில் இலவசமாகத் தட்டிய தகரப் பேணியின் ஓசையும் அந்த விற்பனையுள் அடக்கம். தொழிலாளியின் நேர்மையான பேச்சைப் படத்தின் உச்சமாக்கிய கலைஞர்கள், அவர் சம்மதத்தை முறையாகப் பெறுவதைச் சிறு காரியமாகக் கருதியிருந்தால், அவர்களுடைய மனிதாபிமானத்திலே ஓட்டை இருக்கிறது என்றே நாம் சொல்லுவோம். கலைமதிப்பு இத்தகைய கேள்விகளுக்கு விலக்களிப்பதில்லை.

அம்மேடையில் இருந்த கீழைத்தேசத்தவருள் இருவரை இங்கு குறிப்பிடவேண்டும். ரவிசங்கர் அந்தக் கூட்டத்தை விரும்பவில்லை. சேற்றிற் கிடந்தோர் தமக்கு இந்தியக் கிராமத்து எருமைகளை நினைவூட்டினர் என்று பிற்காலத்திற் கூறினார். சாஸ்திரிய சங்கீதக்காரரின் இந்த ஏளனம் நமக்கு உவப்பானதன்று. அவருடைய குறை மழையைப் பற்றியதா, கூட்டத்தைப் பற்றியதா என்று பிரித்தறிவதும் கடினம். மற்றவர் தொடக்கவுரை நிகழ்த்திய சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூர்ப் பக்கத்துச் செட்டிபாளையத்தவர். 1966 இல் அமெரிக்கா செல்லுமுன் திருகோணமலையிலும் கண்டியிலும் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் பணியாற்றியவர் என்பதால் ஈழத்து வாசகர் சிலருக்கு அப்பெயர் புதிதன்று. ஒலியே உலகை ஆள்வது, இசையால் அமைதி பிறக்கும் என்பது அவருரையின் சாரம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆயினும் லாவோசின் மேலே மேகங்களைத் தூண்டிக்கொண்டிருந்த விமானங்களின் ஒலியும் ஒலிதானே. மனத்துள் அமைதி கண்டால் உலகில் அமைதி தானே வரும் என்னும் போதனை, போரை நடத்துவோருக்கு ஒருநாளும் இடையூறாக இருந்ததில்லை. இதைவிட, நன்றாகப் பாடாவிட்டாற் போரை எப்படி நிறுத்துவீர்கள் என்று கூட்டத்தை அதட்டிய கன்றி ஜோ மக்டொனால்டின் கேலி எவ்வளவோ ஆரோக்கியமானது.

1969 இன் மழையை விற்க முயன்றவர்கள் பின்னரும் வந்தனர். 1994 இல் சோகெர்ட்டீஸ் என்னும் ஊரில் இருபத்தைந்தாம் ஆண்டு விழா நடத்தினர். மழையும் பெய்தது. இம்முறை சேறு எதிர்பார்க்கப்பட்ட பண்டம். மேடையேறிய குழுவொன்று உடலெங்கும் சேறு பூசியே வந்தது. வீட்டிலிருந்து பணங்கட்டித் தொலைக்காட்சியிற் பார்க்கும் ஏற்பாடும் இருந்தது. 1999 இல் றோம் என்னும் ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் நடத்தியபோதோ கடுங்கோடை. கொங்கிறீற்றுத் தரை கொதித்தது. ஒரு போத்தல் தண்ணீர் 4 டொலர். யாஸ்கரின் பலகையை நினைவுகூர அங்கே எவரும் இல்லை. மழையில்லாத அவ்விழாவிலும் இளைஞர் சேற்றிற் புரண்டனர். மலசலகூடங்களும் குழாய்களும் நிரம்பி வழிந்த நீரினால் ஆன சேறு அது. பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர், கடைசி இரவு தீயும் கொள்ளையுமாக முடிந்தது. இளந்தலைமுறை சீரழிந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. முப்பது ஆண்டில் மனித இயல்பு மாறிவிடவில்லை. முன்னதிலே வேலி விழுந்தது. பின்னதிலே வேலி நின்றது.

1969 இன் அதே கோடையில், பெதலிலிருந்து சுமார் நூறு மைல் தொலைவிலுள்ள நியூயோர்க் நகரத்து ஹார்லெம் பகுதியிலும் ஒரு திறந்தவெளி இசைவிழா நடந்தது. ஜூன் 29 முதல் ஓகஸ்ட் 24 வரை ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். மவுண்ட் மொறிஸ் பூங்காவில். அனுமதி தொடக்கத்திலிருந்தே இலவசம். ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், குழந்தை குட்டிகளோடு வந்தனர். நீனா சிமோன், மஹாலியா ஜக்சன், இளம் ஸ்ரீவி வொண்டர் ஆகியோர் பாடினர். ஸ்லை ஸ்ரோன் குழுவினர் இரு விழாவிலும் பாடினர். அங்கேயும் தூறல் விழுந்தது. மேடையில் ஸ்ரீவி வொண்டருக்கு ஒருவர் குடை பிடிப்பதைக் காணலாம். மனிதன் சந்திரனில் இறங்கிய ஜூலை 20 ஆந் திகதி அங்கு கூடியிருந்தவர்களிடம் அதுபற்றிக் கேட்டபோது, அந்தப் பணத்தை ஹார்லெம் ஏழைகளின் பசி தீர்க்கச் செலவிட்டிருக்கலாம் என்று நேர்படச் சொன்னார்கள்.

ஹால் ரல்ச்சின் என்பவர் அவ்விழாவை முறையாகப் படம்பிடித்து வைத்திருந்தார். ஓரிரு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு அப்பால் அதனை வாங்குவாரில்லை. சுருள்கள் ஐம்பது ஆண்டுக் காலம் நிலவறையிற் கிடந்தன. குவெஸ்ட்லவ் என அறியப்படும் அஹ்மீர் தொம்சன் அவற்றைத் தொகுத்து, 'சமர் ஒஃப் சோல்' என்ற பெயரில் 2021 இல் வெளியிட்டார். 1971 இல் 'வூட்ஸ்ரொக்' பெற்ற அதே ஒஸ்கார் விருது 2022 இல் இதற்குக் கிடைத்தது. ஒரு விழாவின் மழை உலகப் புராணமாகிவிட, மற்றதன் மழையைப் பார்ப்பதற்கு இரு தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்ததற்கு இசையின் தரத்தில் எவ்விதக் காரணமும் இல்லை என்பதை இரண்டையும் பார்த்தவர் உணர்வர்.

'வூட்ஸ்ரொக்' படத்தின் இறுதியில் ஜிமி ஹென்ட்றிக்ஸ் தனியே கிதார் வாசிக்கிறார். திங்கட்கிழமை காலை, கூட்டத்தின் பெரும்பகுதி வீடு திரும்பிவிட்டது. அவரும் ஒருகாலத்தில் விமானத்திலிருந்து குதிக்கும் படைப்பிரிவில் இருந்தவர்தான். அமெரிக்க தேசியகீதத்தை அவர் வாசிக்கையில் அதனூடே குண்டு விழுவதும் ஊளையும் கேட்கின்றன. தொடரும் அவர் வாசிப்பின் மேலே வெறிச்சோடிய சரிவு காட்டப்படுகிறது. ஈரத்தில் அழுந்திய போர்வைகள், காகிதங்கள், தனித்தனிச் சப்பாத்துக்கள். குப்பையிடையே எதையோ பொறுக்கித் திரியும் சிலர். பேச்சு எதுவுமில்லை. மூன்று மணித்தியாலத்தில் விழாவின் புராணத்தைக் கட்டியெழுப்பிய அதே தொகுப்பாளர்கள், அப்புராணத்தின் மீதே ஐயங்கொண்டது போல் அமைந்த பகுதி இது. மாணவர் சங்கங்கள் இப்படத்தைத் திரையிடுமாயின் இதற்கு முன்பே எழுந்து செல்வோரை இருத்தி வைக்கவேண்டும். முடிந்தால் மறுநாள் ஹார்லெம் படத்தையும் காட்டவேண்டும்.